ஹெல்சிங்ஓர் சுங்கமும் பத்தாயிரம் யூரோவும்

டென்மார்க்குக்குப் படிக்க வர்ற நம்ம பசங்க தவறாம கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு: "கையில எவ்வளவு காசு கொண்டு வரலாம்?" கூடவே ஒரு வதந்தியும் வரும், பத்தாயிரம் யூரோவுக்கு மேல இருந்தா ஏர்போர்ட்லயே புடுங்கிக்குவாங்களாம்!

சட்டம் அப்படிச் சொல்லலை மக்களே. எவ்வளவு வேணும்னாலும் கொண்டு வரலாம். 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ இருந்தா சுங்கத்துல எழுதிக் கொடுக்கணும். அதுக்கு வரி கிடையாது. வில்லங்கம் பெரும்பாலும் சொல்லாம விடறதுலதான் ஆரம்பிக்குது.

இந்த 'நீயே சொல்லு' சமாச்சாரத்துக்கு இந்த ஊர்ல பெரிய சரித்திரமே இருக்கு. கோபன்ஹேகன்ல இருந்து கடலோரமா வடக்கே ரயில்ல முக்கால் மணி நேரம் போனா ஹெல்சிங்ஓர். ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நடக்கற எல்சினோர் இதுதான். எல்லாரும் குரோன்போர்க் கோட்டையில ஹாம்லெட்டைத் தேடறாங்க. நான் தேடிப் போனது சுங்கச்சாவடியை :-)

கோட்டை மேல நின்னா எதிர்க்கரை சுவீடன் கண்ணுக்குத் தெரியும். நடுவுல இருக்கற ஓரெசுண்ட் நீரிணைக்கு இந்த இடத்துல நாலு கிலோமீட்டர்தான் அகலம். பால்டிக் கடலுக்குள்ள போற, வர்ற கப்பல்களுக்கு இதுதான் முக்கிய வாசல். அந்தக் காலத்துல ரெண்டு கரையும் டென்மார்க் கையில. 1429 வாக்குல பொமெரானியாவின் எரிக்னு ஒரு ராஜா, "இந்த வழியா போற ஒவ்வொரு கப்பலும் ஒரு தங்கக் காசு வச்சுட்டுப் போ"ன்னுட்டார். நோபிள்னு ஆங்கிலேயர் காசு அது. நிக்காம போனா பீரங்கி பேசும்.

இதுல ஒரு அநியாயம் பாருங்க. உப்பு ஏத்தின குட்டிக் கப்பலுக்கும் ஒரு காசு, பட்டு ஏத்தின பெரிய கப்பலுக்கும் அதே காசு. 1567-ல பெடர் ஒக்ஸேங்கற நிதி நிர்வாகி இதை மாத்தி, சரக்கைப் பொறுத்து வசூல்னு கொண்டு வந்தார். வருமானம் எகிறிடுச்சு. ஆனா உள்ளே என்ன இருக்கு, என்ன மதிப்புன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கப்பலையும் இறக்கிப் பார்க்க ஆரம்பிச்சா கடல் முழுக்க டிராஃபிக் ஜாம்தான்.

இங்கதான் டேனிஷ் மூளை வேலை செஞ்சுது. மதிப்பை மாலுமியே சொல்லலாம். ஆனா அவர் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கற உரிமை ராஜாவுக்கு உண்டு!

உதாரணத்துக்கு ஆயிரம் வெள்ளி பெறுமானச் சரக்கு, நூத்துக்கு ஒண்ணு சுங்கம்னு வைங்க. பத்து வெள்ளி கட்டணும். ஐநூறுன்னு புளுகினா அஞ்சு வெள்ளி மிச்சம். ஆனா ராஜா "அப்படியா, இந்தா ஐநூறு, சரக்கை இறக்கு"ன்னா ஐநூறு வெள்ளி நஷ்டம். கூட்டிச் சொன்னா சுங்கம் கூடும், குறைச்சுச் சொன்னா சரக்கே போகும். உண்மையைச் சொல்றதுதான் மலிவு.

இப்படி வந்த பணம் அரசுக் கஜானாவுக்குப் போகலை, ராஜாவோட சொந்தப் பைக்குப் போச்சு. பிரபுக்கள் சபைகிட்ட கையேந்தாம அவர் இஷ்டத்துக்குச் செலவு பண்ணலாம். அப்படிச் செலவு பண்ணினவர்ல பெரிய ஆள் நான்காம் கிறிஸ்டியன். கட்டடம், போர், இத்யாதி. 1616-ல டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினதும் இவர் காலத்துலதான், ராஜாவே அதுல பங்குதாரர்.

அந்தக் கம்பெனி எங்க வந்து சேர்ந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம், தரங்கம்பாடி, டேன்ஸ்போர்க் கோட்டை. தன் வாசல்ல போறவன் வர்றவன்கிட்டல்லாம் வசூல் பண்ணின ராஜாவோட ஆளுங்க, நம்ம கரையில நாயக்கருக்கு வருஷா வருஷம் 3,111 ரூபாய் குத்தகை கட்ட ஒத்துக்கிட்டாங்க. நாயக்கர் டேனிஷ் ராஜாவுக்குத் தங்கத் தகட்டுல எழுதின தமிழ்க் கடிதம் இன்னிக்கும் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. ஓரெசுண்ட் சுங்கக் கணக்கேடுகளும் அங்கதான். 1497-ல ஆரம்பிச்சு 1857 வரை, ஏறக்குறைய 18 லட்சம் கப்பல் பயணங்கள். மாலுமி பேர், ஊர், சரக்கு, கட்டின காசு, எல்லாம் வரி வரியா. கப்பல்காரங்க திட்டிக்கிட்டே கட்டின காசு, இன்னிக்கு ஐரோப்பிய வணிக வரலாறு எழுதறவங்களுக்குப் பொக்கிஷம்.

பேராசை சும்மா இருக்குமா? கிறிஸ்டியன் சுங்கத்தை ஏத்திக்கிட்டே போக டச்சுக்காரங்க கடுப்பானாங்க. 1643-45 போர்ல சுவீடன் பக்கம் சாய்ஞ்சாங்க. டென்மார்க் தோத்துச்சு, சுங்கத்தைக் குறைக்க வேண்டியதாச்சு. 1658-ல எதிர்க்கரையே சுவீடனுக்குப் போயிடுச்சு. அப்படியும் வசூல் நிக்கலை. கடைசியில 1850-கள்ல அமெரிக்கா, "பொதுக் கடல்ல போறதுக்கு உனக்கு எதுக்குக் காசு?"ன்னு மறுத்துச்சு. 1857 கோபன்ஹேகன் ஒப்பந்தத்தோட சுங்கம் ஒழிஞ்சுது. ஈடா 3 கோடியே 35 லட்சம் ரிக்ஸ்டாலர் வாங்கிக்கிட்டுத்தான் விட்டாங்க. அதுக்கு 12 வருஷம் முந்தியே, 1845-ல, தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு வித்தாச்சு.

சரி, இப்போ பத்தாயிரம் யூரோவுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இந்த விதி 2007 ஜூன்ல அமலுக்கு வந்துச்சு. 2021 ஜூன்ல இருந்து புதுச் சட்டம். நோட்டு மட்டுமில்ல, பயணக் காசோலை, 90 சதவீதமோ அதுக்கு மேலயோ தங்கம் இருக்கற காசு, தங்கக் கட்டி எல்லாம் இந்தக் கணக்குல வரும். ஆளுக்குத்தான் கணக்கு. டென்மார்க்ல இன்னொரு சங்கதி, ஜெர்மனி மாதிரி ஒன்றியத்துக்குள்ளேயே எல்லை தாண்டினாலும் சொல்லணும். யூலண்ட் பக்கம் இருக்கற நம்ம ஈழத்துச் சனங்க கல்யாண மொய், சீட்டுக் காசுன்னு கையில ரொக்கத்தோட கார்ல எல்லை தாண்டும்போது இதை மறந்துடக் கூடாது. சொல்லாத பணத்தை நிறுத்தி வைக்கலாம், அபராதமும் வரும். குற்றப் பணம்னு அறிகுறி இருந்தா தொகை எவ்வளவா இருந்தாலும் நிறுத்தலாம்.

அந்தக் காலச் சுங்கம் பணத்துல பங்கு கேட்டுச்சு. இந்தக் காலச் சுங்கம் பணத்தோட கதையைக் கேக்குது: யாரோடது, எங்கிருந்து வந்துச்சு, எதுக்குப் போகுது? உழைச்ச காசுக்கு அந்தக் கதை சொல்றது கஷ்டமே இல்ல.

ஆனா நம்மாளுங்க பயத்துக்கும் காரணம் இருக்கு. 1970-கள்ல இந்தியாவுல இருந்து எட்டு டாலரோட வெளிநாடு போனவங்க தலைமுறை நம்மளை வளர்த்துச்சு. அவங்களுக்கு அந்நியச் செலாவணின்னாலே ஒளிச்சு வைக்கற பொருள். 1973 ஃபெரா சட்டத்துல அது கிரிமினல் குற்றம். 2000 ஜூன்ல ஃபெமா வந்து அது போயிடுச்சு, பயம் மட்டும் போகலை. இன்னிக்கு இந்தியாவுல இறங்கும்போதும் வெளிநாட்டு நோட்டு 5,000 டாலரையோ, காசோலை எல்லாம் சேர்த்து 10,000 டாலரையோ தாண்டினா எழுதிக் கொடுத்தாப் போதும்.

அதனால ஊர்ல இருந்து வர்ற தம்பி தங்கச்சிகளே, அம்மா உள்சட்டைப் பையில தைச்சுக் கொடுத்த கட்டு பத்தாயிரத்தைத் தொட்டா, நேரா சுங்க மேசைக்குப் போய்ச் சொல்லிடுங்க. வங்கிச் சீட்டையும் கையில வச்சுக்கோங்க. இப்பவும் உண்மைதான் மலிவு.