மரத்துக்காக வளர்ந்த காடு, சைக்கிளால் பெயர் பெற்ற கதை

வட வேல்ஸில் டோல்கெத்லை ஊருக்கு அருகே 'கோயிட் அ பிரெனின்' என்றொரு காடு இருக்கிறது. வெல்ஷ் மொழியில் 'அரசனின் காடு' என்று அர்த்தம்.

முதல் உலகப்போரில் மரத்தட்டுப்பாட்டால் திண்டாடிய பிரிட்டன், 1919-ல் வனத்துறை ஆணையத்தை அமைத்தது. 1922-ல் நானாய் எஸ்டேட் நிலத்தை வாங்கி மரம் வளர்த்தார்கள். 1935-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி இந்தப் பெயர் வந்தது. சைக்கிளைப் பற்றி அன்று யாரும் நினைக்கவே இல்லை!

1968-ல் வந்த சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும். நடைபாதைகளில் அந்த உரிமையும் கிடையாது. ஆக, சைக்கிள்காரர் எங்கும் விருந்தாளிதான்.

1990-களில் இது மாறியது. மலை சைக்கிளுக்கென்றே பாதைகள் இந்தக் காட்டில் அமைக்கப்பட்டன. பிரிட்டனில் இதுவே முன்னோடி. மழையில் மண் கரையாதபடி கல் பரப்பிய பாதைகள். பக்கத்திலேயே கோயிட் கன்லுவிட் என்ற இயற்கைக் காப்பகம். ஈரமான ஓக் மரங்களும் அபூர்வப் பாசிகளும் நிறைந்த அந்த இடம் டயர்களைத் தாங்காது. சைக்கிளுக்குத் தனிப்பாதை இருப்பது அதற்கும் நல்லதுதான்.

ஆனால் செலவு? வேல்ஸ் இயற்கை வள அமைப்பு, பணநெருக்கடியால் 2025 மார்ச் இறுதியில் இங்கிருந்த கடையையும் உணவகத்தையும் மூடியது. பாதைகள் மட்டும் மூடப்படவில்லை.

சட்டம் தந்த உரிமை சிறியது, ஆனால் உறுதியானது. காடு தந்த பாதை பெரியது, ஆனால் பட்ஜெட்டை நம்பி நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பயணம் தொடரும்.