கீரிப்பிள்ளையும் கோவலனும்

திருப்பனந்தாள் ஸ்ரீ காசி மடத்தின் மூலபுருஷரான குமரகுருபர சுவாமிகள், காசியிலே சிங்கத்தின்மீது ஆரோகணித்து மொகலாயருடைய சபைக்கு எழுந்தருளினார் என்று கர்ண பரம்பரையாக வழங்கும் வரலாற்றைக் கேட்டு வளரும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு, மிருகங்களைக் கொண்டு நீதி புகட்டும் கதைகள் அந்நியமாக இரா. ஆயினும் அவற்றைப் பாலபாடத்தோடு தீர்ந்துபோகும் விளையாட்டுப் பேச்சென்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடன்று. அரசகுமாரர்களுக்கு ராஜநீதி கற்பிப்பதற்கென்றே விஷ்ணுசர்மர் சொன்னதாகத் தன்னைத் தொடங்கும் பஞ்சதந்திரம், ஆறாம் நூற்றாண்டிலே பாரசீகத்துக்கும் எட்டாம் நூற்றாண்டிலே அரபு மொழிக்கும் சென்று, 1826-இல் தாண்டவராய முதலியாரால் மராத்தியிலிருந்து தமிழ் வசனமாயிற்று. திருவள்ளுவரோ, பகலிலே கூகையை வெல்லும் காக்கையையும், காலம் பார்த்து ஒடுங்கியிருக்கும் கொக்கையும், சேற்றிலே கால் புதைந்து நரிக்கு இரையாகும் களிற்றையும், ஆளுகிறவர்க்குரிய பொருட்பாலிலே நிறுத்தினார்.

இத்தகைய கதைகளுள் நம் காவிரி நாட்டோடு ஒட்டிப் பிறந்ததுபோல் அமைந்துவிட்டது கீரிப்பிள்ளையின் கதை: குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, அதன் வாயிலிருந்த இரத்தத்தைக் கண்டு, குழந்தையைக் கொன்றதென்று எண்ணி ஆராயாமல் தாய் கொன்றுவிடுகிறாள். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், மாடல மறையோன் புகாரிலே கோவலன் செய்த நற்செயல்களை அவனுக்கே எடுத்துரைக்கும்போது அது வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனியின் கணவன், வடமொழி வாசகம் எழுதிய ஏடொன்றை அவளிடம் கொடுத்துவிட்டு வடதிசை நோக்கிப் போய்விடுகிறான்; அதை ஏந்தி வணிகர் வீதிகளிலே அவள் அலைகையில், கோவலன் அவள் துயரைக் கேட்டு, பாவம் நீங்கத் தானம் செய்து, பொருளும் தந்து, கணவனோடு அவளைச் சேர்த்தும் வைக்கிறான். பாம்பு வந்ததையோ, கீரியின் வாயிலிருந்த இரத்தத்தையோ இளங்கோவடிகள் சொல்லவேயில்லை. கீரி இறந்ததை மாத்திரம் ஓரடியிலே குறித்து அப்பால் சென்றுவிடுகிறார். கேட்போர் அனைவரும் அறிந்த கதைக்கு விஸ்தாரம் எதற்கு?

பஞ்சதந்திரத்தில் வரும் வடநூற்கதை கீரி மாண்டதோடு முடிகிறது. நம் பாடப்புத்தகங்களும் அவ்விடத்திலேயே ‘நீதி’ என்று ஒரு வரி அச்சிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுகின்றன. அடிகளுக்கோ, பிழை செய்தவளுக்கு மேல் என்ன கதி என்பதே கதை. அதை அவர் வைத்த இடம் அதனினும் நுட்பமானது. அடுத்து வருவது கொலைக்களக் காதை. ஆராயாமற் கொன்றவளுக்குக் கதி தேடித்தந்த அதே கோவலன், தன்னைச் சிலம்புக் கள்வனென்ற பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியனுடைய ஆணையால் வெட்டுண்டு வீழ்கிறான். கோவலன் மனைவி கண்ணகியின் சிலம்பு உடைந்து தன் பிழை விளங்கியபொழுது, தானம் செய்து பாவம் போக்கவல்ல கோவலன் அவ்வரசனுக்கு இல்லை. அரியணையிலிருந்தபடியே அவன் உயிரைக் கொடுக்கவேண்டியதாயிற்று.