வாகன வேக உணரிச் சோதனை

வேக உணரி என்பது கியர்பாக்ஸ் தண்டின் சுழற்சியை மின் துடிப்புகளாக்கி எஞ்சின் கணினிக்கும் மீட்டருக்கும் அனுப்பும் சிறு கருவி. அது பழுதானால் மீட்டர் முள் துள்ளும், அல்லது பூஜ்யத்தில் படுத்துவிடும். தானியங்கி கியர் உதறலோடு மாறும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைவதும் உண்டு.

பினாங்கு உணரிகளுக்குப் புதிய இடமல்ல. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் தீவை மின்னணுத் துறையின் மையமாக்கியது. பெருநிலத்தில் பத்து காவானில், போஷ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் சில்லுகளையும் உணரிகளையும் சோதிக்கும் மையம் ஒன்றைத் திறந்தது. ஆலையில் தேறிய உணரியும் சாலையில் பல ஆண்டுகள் ஓடியபின் பட்டறையில் மறுபடி சோதிக்கப்பட வேண்டியிருக்கிறது.

ஸ்கேனரில் பி0500 என்ற குறியீடு வந்தால், கணினிக்கு வேகச் செய்தி சரியாக எட்டவில்லை என்றே பொருள். உணரி செத்துவிட்டது என்று அது சொல்வதில்லை. குறியீட்டைக் கண்டதும் புது உணரி வாங்கச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்தை வீணடிக்கும் அவசரம். முதலில் பார்க்க வேண்டியது வயர் இணைப்பை. கடற்காற்றும் ஓயாத ஈரமும் உள்ள தீவில் அதன் பின்களில் பச்சை பூத்துவிடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் இந்த அரிப்பு மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம்.

மூன்று வயர் கொண்ட ஹால் வகை உணரியை, இணைப்பைக் கழற்றாமல் பின்புறமாக மல்டிமீட்டர் முனையைச் செருகிச் சோதிப்பர். சாவியைத் திருப்பியதும் ஒரு வயரில் 5 அல்லது 12 வோல்ட் இருக்க வேண்டும், இன்னொன்று எர்த். முன்சக்கர இயக்கமுள்ள காரில் கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கித் தாங்கியில் நிறுத்துவது நல்லது. இரண்டையும் தூக்கினால் ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சுழன்று, உணரியை ஓட்டும் பல்சக்கரம் அசையாமலே இருக்கும். நல்ல உணரிமீது பழி விழும். சக்கரத்தை மெல்லச் சுழற்றும்போது சிக்னல் வயரின் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் கோளாறு கணினிவரை செல்லும் வயரில் இருக்கலாம். அசையவில்லை என்றால் உணரியைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகைக்கு வெளி மின்சாரம் வேண்டாம். சுழற்சி கூடக்கூட அது தரும் மாறுமின் அழுத்தமும் கூடும். முனையில் ஒட்டிய இரும்புத்தூள் சிக்னலைக் கெடுக்கும்.

ஜப்பானியத் தர அளவில் மீட்டர் தண்டு கிலோமீட்டருக்கு 637 முறை சுழலும். சுற்றுக்கு 4 துடிப்பு. ஆகவே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 42 துடிப்புகள் வரும். புதிய கார்கள் பலவற்றில் இந்தத் தனி உணரியே இல்லை. ஏபிஎஸ் சக்கர உணரிகளிலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. அவற்றில் நேராக ஓடும்போது நான்கு சக்கர வேகங்களையும் ஸ்கேனரில் ஒப்பிட்டால், விலகி நிற்பது எது என்று தெரிந்துவிடும்.