முரோங் ஹுய்யின் எழுச்சியில் இடம்பெயர்ந்தோரின் பங்கு (கி.பி. 285–333)

ஆய்வுச்சுருக்கம்

கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் சீனாவின் வடகிழக்கு எல்லையில் வாழ்ந்த சியான்பெய் மக்களின் முரோங் கிளைக்குத் தலைவராக விளங்கியவர் முரோங் ஹுய் (கி.பி. 269–333). குதிரைப்படை வலிமையும் சீனப் பண்பாட்டை ஏற்றுக்கொண்டமையும் அவருடைய எழுச்சிக்குக் காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. ஜின் பேரரசின் சரிவால் இடம்பெயர்ந்த மக்களைக் குடியமர்த்தி, அவர்களுடைய உழைப்பையும் எழுத்தறிவையும் ஆட்சிக்கு அடித்தளமாக்கியதே அவ்வெழுச்சியின் முதன்மைக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. அக்குடியேற்றத்தின் சுமையை யார் தாங்கினர் என்பதும் இதில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சியான்பெய், முரோங் ஹுய், ஜின் பேரரசு, லியாவ்தொங், இடப்பெயர்வு, அரசுருவாக்கம்

முன்னுரை

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தான்ஷிஹுவாய் என்னும் தலைவர் சியான்பெய் குடிகளை ஒன்றிணைத்து, ஹான் பேரரசின் வட எல்லை முழுவதையும் அச்சுறுத்தினார். ஆயினும் கி.பி. 181ஐ ஒட்டி அவர் மறைந்தபின் அக்கூட்டமைப்பு சிதைந்தது. தலைவரின் ஆளுமையையும் கொள்ளைப் பொருளின் பங்கீட்டையும் சார்ந்திருந்த கூட்டமைப்பு, அவ்விரண்டும் குன்றியபோது நிலைக்கவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப்பின் அதே சியான்பெய் மக்களின் ஒரு கிளைக்குத் தலைமையேற்ற முரோங் ஹுய் விட்டுச்சென்ற ஆட்சியோ அவருடைய மகன் காலத்தில் அரசாகவும் பேரன் காலத்தில் பேரரசாகவும் வளர்ந்தது. இவ்வேறுபாட்டிற்கான காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஹுய் குறித்த முதன்மைச் சான்று, தாங் அரசமரபின் காலத்தில் கி.பி. 648இல் நிறைவுற்ற ‘ஜின் வரலாறு’ என்னும் நூலில் உள்ளது. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் சிமா குவாங் தொகுத்த பெருவரலாறும் பல செய்திகளைத் தருகிறது. இவ்விரண்டும் ஹுய்யின் காலத்திற்கு மிகவும் பிற்பட்டவை. எனவே அவற்றின் மதிப்பீடுகளை அப்படியே ஏற்காமல், அவை குறிப்பிடும் செயல்களை ஒப்புநோக்குவதே இங்குக் கைக்கொள்ளப்படும் முறை.

தொடக்கக் காலம்: கொள்ளையும் அடிமை வணிகமும்

முரோங் கிளை ஹுய்க்கு முன்பே சீன அரசுகளோடு தொடர்பு கொண்டிருந்தது. ஹுய்யின் கொள்ளுப்பாட்டன் மொஹுபா, கி.பி. 238இல் வெய் அரசின் தளபதி சிமா யீ லியாவ்தொங் மீது படையெடுத்தபோது அவருக்குத் துணைநின்றார். கி.பி. 283இல் ஹுய்யின் தந்தை இறந்ததும் சிற்றப்பன் தலைமையைக் கைப்பற்றி ஹுய்யைக் கொல்ல முயன்றார். தப்பியோடிய ஹுய் லியாவ்தொங்கில் மறைந்து வாழ்ந்தார். கி.பி. 285இல் சிற்றப்பன் தம் மக்களாலேயே கொல்லப்பட்டபின், அவர்கள் ஹுய்யை அழைத்துத் தலைவராக்கினர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினாறு. தலைமை ஏற்பதற்கு முன் அவரே ஒரு புகலிடம் தேடியவராக இருந்தார் என்பது கருதத்தக்கது.

எனினும் அவருடைய தொடக்கச் செயல்கள் மரபான எல்லைத் தலைவர் ஒருவரின் செயல்களாகவே உள்ளன. பகைக்குடியான யூவென் மீது போர்தொடுக்க ஜின் பேரரசரிடம் இசைவு வேண்டினார். அது மறுக்கப்பட்டதும் லியாவ்சிப் பகுதியைச் சூறையாடினார். ஜின் படையிடம் தோல்வியுற்றார். அதே ஆண்டில் கிழக்கே புயோ அரசைத் தாக்கினார். புயோ மன்னர் தற்கொலை செய்துகொண்டார். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜின் உதவியுடன் புயோ அரசு மீண்டும் நிறுவப்பட்டது. அதன்பின்னரும் ஹுய்யின் ஆட்கள் புயோ மக்களைப் பிடித்துச் சீனப் பகுதிகளில் விற்றுவந்தனர். பேரரசர் அரசுப் பொருள் கொடுத்து அவர்களை மீட்கவும், அவ்வணிகத்தைத் தடைசெய்யவும் ஆணையிட வேண்டியதாயிற்று. இக்கட்டத்தில் ஹுய்க்குப் பிறநாட்டு மக்கள் விற்பனைப் பொருள்களே.

கி.பி. 289: பணிவும் தன்மதிப்பும்

கி.பி. 289இல் ஹுய் ஜின் பேரரசுக்குப் பணிந்து, சியான்பெய் மக்களின் தலைமைத் தளபதி என்னும் பட்டத்தைப் பெற்றார். எல்லை அதிகாரி ஹெ கானைக் காண அவர் சீன அறிஞருக்குரிய உடையில் சென்றார். அதிகாரியோ படைவீரர்களை அணிவகுத்து நிறுத்தியிருந்தார். அதைக் கண்ட ஹுய் போர் உடைக்கு மாறி உள்ளே நுழைந்தார். காரணம் வினவப்பட்டபோது, விருந்தோம்புபவர் முறையாக நடந்துகொள்ளாதபோது விருந்தினர் வேறென்ன செய்வார் என்னும் பொருள்பட விடையளித்தார். ஹெ கான் நாணினார் என்கிறது வரலாறு. ஹுய் சீனப் பண்பாட்டில் கரைந்துவிட்டார் என்னும் கருத்துக்கு இந்நிகழ்ச்சி இடம் தரவில்லை. இரண்டு உடைகளையும் உடன்கொண்டு சென்று, சூழலுக்கேற்பத் தேர்ந்துகொண்ட தலைவரையே இங்குக் காண்கிறோம். பின்னர், கி.பி. 307இல், அவர் சியான்பெய் மக்களின் மாபெரும் சான்யூ எனத் தம்மை அறிவித்துக்கொண்டதும் இவ்விரட்டைத் தன்மையின் தொடர்ச்சியே.

மேய்ச்சலும் உழவும்

மேய்ச்சல் நிலம் பற்றிய நெருக்கடி ஹுய்யின் குடும்பத்தையே பிளந்தது. அவருடைய மாற்றாந்தாய் மகனான மூத்தவர் துயூஹுன். இருவருடைய குதிரைகளும் ஒன்றோடொன்று பொருதமை பூசலாக முற்றியது. துயூஹுன் தம் மக்களுடன் மேற்கே நெடுந்தொலைவு சென்றுவிட்டார். அவர் பெயரால் அமைந்த அரசு இன்றைய சிங்ஹாய்ப் பகுதியில் கி.பி. 663 வரை நீடித்தது. அண்ணனின் பிரிவை எண்ணி ஹுய் பாடல் ஒன்றை இயற்றினார் என்பது மரபு. ஒரே நெருக்கடிக்கு உடன்பிறந்தோர் இருவர் கண்ட தீர்வுகள் வேறுபட்டன. ஒருவர் மந்தையுடன் பெயர்ந்தார். மற்றவர் நிலத்தில் நிலைகொண்டார்.

கி.பி. 294இல் ஹுய் தம் இருப்பிடத்தை ஜிசெங்குக்கு மாற்றி, மக்களை உழவிலும் பட்டுப்புழு வளர்ப்பிலும் ஈடுபடுத்தினார். சட்டங்களை ஜின் முறைப்படி அமைத்தார். இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. கி.பி. 301ஐ ஒட்டி யான் பகுதியில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, ஹுய் தம் களஞ்சியங்களைத் திறந்து பசித்தோருக்குத் தானியம் வழங்கினார். பேரரசர் அதைப் பாராட்டினார். குடிபெயர்ந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குள் பிறருக்கு வழங்குமளவு உபரி சேர்ந்திருந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. இன்றைய லியாவ்னிங் மாநிலத்தின் லாமாதொங் இடுகாட்டில் அகழப்பட்ட 400க்கும் மேற்பட்ட முரோங் காலக் கல்லறைகளில் போர்க்கருவிகளோடு இரும்பு உழவுக் கருவிகளும் கிடைத்திருப்பது இவ்வெழுத்துச் சான்றுக்கு வலுவூட்டுகிறது.

புகலிடம்: தேர்ந்துகொண்டவர்களும் தேர்ந்துகொள்ளப்பட்டவரும்

ஜின் அரச குடும்பத்தின் உட்போர்களைத் தொடர்ந்து கி.பி. 311இல் லுவோயாங்கும் 316இல் சாங்கானும் வீழ்ந்தன. வடசீனாவின் மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். வடகிழக்கு நோக்கி வந்தோருக்கு மூன்று புகலிடங்கள் இருந்தன: யூ மாநில ஆளுநர் வாங் ஜுன், துவான் சியான்பெய் தலைவர்கள், முரோங் ஹுய். வாங் ஜுன்னின் ஆட்சியில் ஒழுங்கில்லை. துவான் தலைவர்கள் போர்த்திறனை மட்டுமே மதித்தனர். எனவே பலர் ஹுய்யிடம் வந்து சேர்ந்தனர் என்கின்றன சான்றுகள்.

பெய் யீ என்னும் அதிகாரியின் முடிவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. எல்லைப்புற ஆளுநராக இருந்து இறந்த தம் அண்ணனின் உடலை ஊருக்குக் கொண்டு செல்ல அவர் புறப்பட்டார், வழிகள் அடைபட்டிருந்தன. துவான் குடியே வலிமை மிக்கது என அண்ணன் மகன் கூறியும், தொலைநோக்குடையவர் ஹுய்யே எனக் கருதி அவரிடம் தங்கினார். படைவலிமை பெய் யீயின் அளவுகோலாக இல்லை.

லியாவ்தொங்கில் இரண்டு சியான்பெய் தலைவர்கள் கலகம் செய்தபோது, தப்பி வந்தோருக்கு ஹுய் உணவளித்தார். திரும்ப விரும்பியோரை அனுப்பிவைத்தார். தங்க விரும்பியோரைக் குடியமர்த்தினார். கி.பி. 311இல் கலகத்தை அடக்கி, அக்கோட்டத்தின் ஆட்சியையும் மீட்டளித்தார். பின்னர் இடம்பெயர்ந்தோருக்கெனத் தனி ஆட்சிக்கோட்டங்களை அமைத்தார். ஜி மாநிலத்தாருக்கு ஜியாங், யூ மாநிலத்தாருக்குச் செங்சோ, சிங் மாநிலத்தாருக்கு யிங்சியு, பிங் மாநிலத்தாருக்குத் தாங்குவோ என அவை பெயர்பெற்றன. வந்தவர்களைச் சியான்பெய் குடிகளுக்குள் பிரித்துக் கலக்காமல், சொந்த மாநில அடையாளத்துடன் வாழவிட்டமை இவ்வமைப்பின் சிறப்பு. கற்றோர் நிருவாகத்தில் அமர்த்தப்பட்டனர். லியு சான் என்னும் அறிஞர் தலைமையில் பள்ளி அமைந்தது. ஹுய்யின் மகன் ஹுவாங் அங்குப் பயின்றார்.

கி.பி. 319: எதிரிகளின் அச்சம்

இக்கொள்கையின் வெற்றியை எதிரிகளே உறுதிப்படுத்தினர். பிங் மாநில ஆளுநர் சுய் பி, கற்றோர் தம்மை விடுத்து ஹுய்யிடம் செல்வதைக் கண்டு பொறாமை கொண்டார். கி.பி. 319இல் கோகுர்யோ, துவான், யூவென் ஆகிய மூன்று தரப்பினரையும் தூண்டி ஜிசெங்கை முற்றுகையிடச் செய்தார். ஹுய், யூவென் படைக்கு மட்டும் மாட்டிறைச்சியும் மதுவும் அனுப்பினார். மற்ற இரு தரப்பினரும் ஐயுற்று விலகினர். தனித்து நின்ற யூவென் படை முறியடிக்கப்பட்டது. சுய் பி கோகுர்யோவிற்குத் தப்பியோடினார். யூவென் பாசறையில் கிடைத்த மூன்று பேரரசு முத்திரைகளை ஹுய் தாமே வைத்துக்கொள்ளாமல், பெய் யீ வழியாகத் தெற்கே ஜியான்காங்கில் இருந்த ஜின் அவைக்கு அனுப்பினார். கி.பி. 321இல் அவருக்குப் பிங் மாநில ஆட்சிப் பொறுப்பும் லியாவ்தொங் கோமகன் என்னும் பட்டமும் கிடைத்தன. தொலைவிலிருந்த அவையால் அவரைக் கட்டுப்படுத்த இயலாது. ஆனால் அதன் பட்டம், அவருக்குப் பணிபுரிந்த சீன அதிகாரிகள் தம் பேரரசுக்கே பணிபுரிவதாகக் கருத இடமளித்தது. வாழ்வின் இறுதியில் யான் அரசர் என்னும் பட்டத்தைப் பெற முயற்சி நடந்தது. அவை முடிவெடுக்குமுன் கி.பி. 333இல் ஹுய் மறைந்தார்.

சுமையைத் தாங்கியவர்கள்

ஹுய்யை அறத்தலைவராகக் காட்டும் குறிப்புகள், அவரால் பயன்பெற்ற கற்றோர் மரபின் வழியே வந்தவை. உழுதவர்களின் நிலையை அறிய, ஹுவாங்கின் காலத்தில் கி.பி. 345இல் ஃபெங் யூ என்னும் அதிகாரி அளித்த முறையீடு உதவுகிறது. வந்தேறியவர்கள் பழங்குடிகளைப் போல் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகியதால், பத்தில் நால்வருக்கு நிலமில்லை என அவர் சுட்டினார். அரசின் மாடுகளைக் கொண்டு அரசு நிலத்தில் உழுவோரிடம் விளைச்சலில் பத்தில் எட்டுப் பங்கும், சொந்த மாடுடையோரிடம் ஏழு பங்கும் பெறப்பட்டன. முன்னைய வெய், ஜின் அரசுகள் முறையே ஆறு பங்கும் ஐந்து பங்குமே பெற்றன என்பதை அவர் நினைவூட்டினார். ஹுவாங் அக்கண்டனத்தை ஏற்று, நிலமற்றோருக்கு அரசு நிலங்களை வழங்க ஆணையிட்டார்.

முடிவுரை

முரோங் ஹுய்யின் எழுச்சியைச் சீனமயமாதல் என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்க இயலாது. தொடக்கத்தில் மனிதரைப் பிடித்து விற்ற தலைவர், பின்னர் மனிதரை ஏற்று நிலைநிறுத்துவதே மிகுந்த ஆதாயம் தரும் என்பதைக் கண்டறிந்தார். தான்ஷிஹுவாயின் கூட்டமைப்புக்கு வாய்க்காத களஞ்சியமும் எழுத்தரும் நிலையான குடிகளும் இவ்வழியே முரோங் ஆட்சிக்கு வாய்த்தன. கி.பி. 337இல் ஹுவாங் யான் அரசராகவும், 352இல் பேரன் ஜுன் பேரரசராகவும் உயர இவையே அடித்தளமாயின. அதே வேளையில், புகலிடம் கொடையாக மட்டும் அமையவில்லை. கற்றோருக்கு அது பதவியையும் உழவருக்குப் பாதுகாப்போடு கடும் வாரத்தையும் தந்தது. வடசீன அரசுருவாக்கம் பற்றிய ஆய்வுகள், தலைவர்களின் பண்பாட்டுத் தேர்வுகளோடு இவ்வுழவர்களின் விளைச்சல் பங்கையும் கணக்கில் கொள்ளும்போதே முழுமை பெறும்.