பகைக்கு நடுவே தளிர்த்த பெயர்

கல்லாய்ப் போன இலையை முதலில் ஆராய்ந்து, உயிருள்ள மரத்தைப் பின்னர்க் கண்டடைந்த வரலாறுகள் மிகச் சிலவே. மெட்டாசெக்கோயா என்னும் மரத்தின் வரலாறு அவற்றுள் ஒன்று.

ஜப்பானியத் தாவரவியல் அறிஞர் ஷிகேரு மிக்கி, களிமண் படிவுகளில் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை ஆராய்ந்தார். செக்கோயா எனக் கருதப்பட்டவற்றுள் சிலவற்றில், இலைகள் மாறிமாறி அமையாமல் இணையிணையாய் எதிரெதிரே அமைந்திருந்தன. கூம்புகளின் செதில்களும் அவ்வாறே. எனவே, 1941-இல் அவற்றைத் தனிப் பேரினமாக வகுத்து, மெட்டாசெக்கோயா என்று பெயரிட்டார். அது என்றோ அழிந்துபோன இனம் என்றே நம்பப்பட்டது.

அதே ஆண்டின் குளிர்காலத்தில், நடுச் சீனத்தின் மோதாவ்சி என்னும் சிற்றூரில் கான் துவோ என்னும் வனவியலார் ஒரு பெருமரத்தைக் கண்டார். ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் என்றும் பசுமையானவை; இதுவோ இலையுதிர்க்கும் மரம். இலையற்று நின்றதால் இன்னதென்று அறிய இயலவில்லை. ஊராரோ அதன் அடியில் சிறு கோவில் எழுப்பி, தலைமுறை தலைமுறையாய்ப் போற்றிவந்தனர். 1943-இல் கிளைகளையும் கூம்புகளையும் சேகரித்த வாங் சான், அதை வேறோர் இனமாகக் கொண்டார். 1946-இல்தான் ஹூ சியென்சு, மிக்கியின் கட்டுரையோடு ஒப்பிட்டு உண்மையை உணர்ந்தார். 1948-இல் அவரும் செங் வான்சுன்னும் அதை முறைப்படி உலகுக்கு அறிவித்தனர்.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். 1937 முதல் 1945 வரை ஜப்பானும் சீனமும் கொடும்போரில் ஈடுபட்டிருந்தன. அப்போரின் புண்கள் ஆறாத நாளிலும், ஜப்பானியர் சூட்டிய பேரினப் பெயரையே சீன அறிஞர் ஏற்றுக்கொண்டனர். பகைவன் கூறியதாயினும் உண்மை உண்மையே என்னும் நேர்மை அதில் விளங்குகிறது.

அமெரிக்காவின் ஆர்னல்ட் தாவரத் தோட்டம் அனுப்பிய 250 டாலரைக் கொண்டு 1947-இல் விதைகள் திரட்டப்பட்டன. அவை மறு ஆண்டு பல நாடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. இன்று உலகின் பூங்காக்கள் பலவற்றில் அம்மரம் ஓங்கி நிற்கிறது. ஆனால், தாயகப் பள்ளத்தாக்குகளில் எஞ்சியவை சில ஆயிரமே. அவற்றின் ஈர நிலம் நெல்வயல்களாகிவிட்டதால், இளங்கன்றுகள் தாமாக முளைத்து வளர்வது அரிதாயிற்று; அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

பெயரைக் கண்டறிந்தது அறிஞரின் அருஞ்செயல். பெயர் அறியப்படும்வரை அம்மரத்தை வெட்டாமல் காத்தது எளிய ஊராரின் பற்று. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும், மெட்டாசெக்கோயா இன்றும் கல்லில் மட்டுமே இருந்திருக்கும்.