ஆச்சி சொன்ன வியாழக்கிழமை

என் அப்பா பிறந்தது 1944 ஜனவரி 21, தூத்துக்குடியில். தாத்தாவின் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: கொல்லம் 1119, சுபானு வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை, காலை மணி 6.45.

ஆச்சி இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "வியாழக்கெழம ராத்திரி விடியதுக்கு முன்னாடி பொறந்த பய. வெளிய கும்மிருட்டு, லாந்தர் வச்சுதான் பாத்தோம்" என்பாள். தை மாதத்தில் ஆறே முக்காலுக்கு ஏது இருட்டு? வயசாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நாங்கள் எல்லோருமே சிரித்தோம். நானும்தான்.

போன மாதம் வேறு ஒரு வேலைக்காக பழைய தேதிகளை வைத்து ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்க்க அப்பாவின் பிறந்த நேரத்தைக் கொடுத்தேன். கிரீன்விச்சுக்கும் இந்தியாவுக்கும் வித்தியாசம் 5.30 என்று வரவேண்டிய இடத்தில் 6.30 என்று வந்தது. பக் என்று நினைத்து ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பக் இல்லை. தப்பு நம்மிடம்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தூத்துக்குடிக்கென்று சூரியன் கொடுத்த நேரம் கிரீன்விச்சை விட சுமார் 5 மணி 12½ நிமிஷம் முன்னால். 1870களில் ரயில் வந்தபோது அதோடு மதராஸ் டைமும் வந்தது. மதராஸ் வானாய்வுக் கூடம் 1792இல் ஏற்பட்டது. அதன் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது சுமார் 5 மணி 21 நிமிஷம். அப்படியென்றால் ஸ்டேஷன் கடிகாரம் ஊர்ச் சூரியனை விட ஏறக்குறைய 9 நிமிஷம் வேகம்.

அன்றைக்கு கொழும்பு போகிறவர்கள் மதராஸிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கே கப்பல் ஏறுவார்கள். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை இதுதான் பாதை. வேடிக்கை என்னவென்றால், இலங்கையின் நேரம் அப்போது 5 மணி 19½ நிமிஷம். மதராஸோடு வித்தியாசம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. கடலைத் தாண்டினாலும் கடிகாரத்தைத் தொடவேண்டிய அவசியமில்லை!

1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு ஒரே நேரம், 5.30. கிழக்கு 82½ பாகை ரேகையை வைத்து. இலங்கையும் அதே வருஷம் 5.30க்கு வந்தது. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்ததும் அதே 1906தான். ஆக அந்தக் கப்பல்கள் ஓடியபோது இரு கரையிலும் ஒரே மணி. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தனிக்கதை.

சரி, அப்பாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியா முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். என் புரோகிராம் காட்டிய 6.30 அதுதான். உலகத்திலுள்ள பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இதெல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. நம் வீட்டு நோட்டில்தான் இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். தாத்தா பார்த்த 6.45, இன்றைய நேரப்படி 5.45. ஜனவரி மூன்றாம் வாரத்தில் தூத்துக்குடியில் சூரியன் உதிப்பது சுமார் 6.39க்கு. உதயத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இருட்டுதான். லாந்தர் வேண்டியதுதான்.

கிழமை? ஆங்கிலக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறுகிறது, அதனால் தாத்தா எழுதிய வெள்ளி சரி. நம் வழக்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது, நாழிகை எண்ணுவதும் அங்கிருந்துதான். அதனால் ஆச்சியின் வியாழனும் சரி. 6.45ஐ இன்றைய நேரமாக எடுத்துக்கொண்டு ஜாதகம் எழுதியவர் மகர லக்னம் போட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்தால் தனுசு வருகிறது. அப்பாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் 1942க்கும் 45க்கும் இடையில் பிறந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அம்மா சொன்னது சரிதானா" என்றார்.

சொல்லிக் கேட்க ஆச்சி இல்லை. அவள் போய்ப் பல வருஷமாகிறது. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னவரை நம்பினோம், வானத்தைப் பார்த்துச் சொன்னவளைச் சிரித்தோம். நோட்டில் தாத்தாவின் வரிக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "யுத்த கால நேரம். ஒரு மணி கழிக்கவும். வியாழன் இரவு, ஆச்சி சொன்னபடி."