வீடியோ விளையாட்டுச் சாதனங்கள்: விலைக்குறைப்பின் பின்னணி

பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ விளையாட்டுச் சாதனத்தை சோனி நிறுவனம் 2006ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டபோது, அதன் உயர்ரக மாதிரியின் விலை 599 டாலர்கள். விலை மிக அதிகம் என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. ஆனால், அச்சாதனத்தைப் பிரித்து உள்ளிருந்த பாகங்களுக்கு விலை மதிப்பிட்ட ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம், அதைத் தயாரிக்கவே சுமார் 840 டாலர்கள் செலவாகிறது என்று கணக்கிட்டது.

அதாவது, வாங்குபவர்கள் கட்டுப்படியாகாது என்று சொன்ன பொருளை, தயாரிப்பாளர் பெரும் நட்டத்தில் விற்றுக்கொண்டிருந்தார். 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு சுமார் 23,200 கோடி யென் இழப்பைச் சந்தித்தது.

இந்த நட்டம் தெரிந்தே ஏற்கப்படுவது. சாதனத்தில் இழப்பதை, அதற்கான விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்களிடமிருந்து பெறும் உரிமக் கட்டணத்தின் மூலம் ஈடுசெய்வதே இத்துறையின் நீண்டகால வழக்கம். ஆனால், அதற்குக் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சாதனம் சென்றுசேர வேண்டும். விலை குறையாமல் அது நடக்காது. செலவு குறையாமல் விலையைத் தொடர்ந்து குறைக்கவும் முடியாது.

சுருங்கும் சில்லு

செலவு குறைவதற்கான முக்கிய வழி சிலிக்கான் சில்லுகளில் இருக்கிறது. வட்டமான ஒரு சிலிக்கான் தகட்டில் ஒரே நேரத்தில் பல சில்லுகள் உருவாக்கப்படுகின்றன. அதே மின்சுற்றைச் சிறிதாக வரைய முடிந்தால், அதே தகட்டிலிருந்து கூடுதல் சில்லுகள் கிடைக்கும். சில்லின் பரப்பு சிறுக்கச் சிறுக்க, பழுதாகும் சில்லுகளின் விகிதமும் குறையும். மின்சாரத் தேவை குறைவதால் வெப்பம் தணிகிறது. அதனால் மின்விசிறி, மின்வழங்கி, வெளிப்பெட்டி ஆகியவையும் சிறிதாகின்றன. பெட்டி சிறிதானால் ஒரு கப்பல் கொள்கலனில் கூடுதல் எண்ணிக்கையை அடுக்கலாம்.

ஐபிஎம், தோஷிபா நிறுவனங்களுடன் சேர்ந்து சோனி உருவாக்கிய செல் என்ற மையச் சில்லு, முதலில் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்டது. 2009இல் 45 நானோமீட்டர் சில்லுடன் மெலிந்த வடிவில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, அதன் விலை 299 டாலர்களாகக் குறைந்திருந்தது. அப்போதும் அதன் தயாரிப்புச் செலவு சுமார் 336 டாலர்கள் என்று ஐசப்ளை மதிப்பிட்டது. செலவு இனியும் குறையும் என்ற எதிர்பார்ப்பிலேயே விலை முந்திக்கொண்டு குறைக்கப்பட்டது எனலாம்.

இடையில், 2007இல் வந்த 399 டாலர் மாதிரியை முழுமையான விலைக்குறைப்பு என்று சொல்வது கடினம். பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளை இயக்கும் வசதியும், நினைவக அட்டைகளுக்கான துளைகளும் அதில் அகற்றப்பட்டிருந்தன. நான்கு யுஎஸ்பி இணைப்புகள் இரண்டாகின. விலையின் ஒரு பகுதியை வாடிக்கையாளர் வசதிகளை இழந்து செலுத்தினார்.

எல்லாப் பாகங்களும் மலிவாவதில்லை

மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ், இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 2001இல் 299 டாலர்களுக்கு வந்த அச்சாதனத்தின் விலை, 2002 மே மாதத்தில் சோனி தனது பிளேஸ்டேஷன் 2 விலையை 199 டாலர்களாகக் குறைத்த உடனேயே அதே அளவுக்குக் குறைக்கப்பட்டது. சோனி தன் சில்லுகளைத் தானே வடிவமைத்து, பின்னர் இரண்டு முக்கிய சில்லுகளை ஒன்றாகவே இணைத்துவிட்டது. மைக்ரோசாஃப்டோ இன்டெல், என்விடியா நிறுவனங்களிடம் சில்லுகளை விலைக்கு வாங்கியது. சில்லின் விலை தொடர்பாக என்விடியாவுடன் ஏற்பட்ட தகராறு நடுவர் மன்றம் வரை சென்று, 2003இல்தான் தீர்ந்தது.

அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரு சுமையாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஆண்டுதோறும் அதே விலைக்குக் கூடுதல் கொள்ளளவு கிடைக்குமே தவிர, விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. மோட்டார், சுழல் தட்டு, உறை ஆகியவை எப்போதும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் பாடம் கற்றுக்கொண்டது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இன் முக்கிய சில்லுகளின் வடிவமைப்பு உரிமையை அது தன் கையில் வைத்துக்கொண்டது. மலிவான மாதிரியை ஹார்ட் டிஸ்க் இல்லாமலேயே விற்றது.

செலவு குறையாமலே விலை குறைந்ததும் உண்டு. நிண்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கச் சாதனம் 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. விற்பனை மந்தமானதால் ஆகஸ்டில் அது 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டது. அடக்க விலைக்கும் கீழே விற்க நேர்ந்த அந்த முடிவையொட்டி, நிறுவனத் தலைவர் சதோரு இவாட்டா தனது ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

தலைகீழான விதி

இப்போது அந்தப் பழைய கணக்கே மாறிவிட்டது. 2020இல் அமெரிக்காவில் 499 டாலர்களுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி 2021இலேயே அறிவித்தது. 2022இல் 6 நானோமீட்டர் சில்லும் வந்தது. முன்பென்றால் அடுத்து வந்திருக்க வேண்டியது விலைக்குறைப்பு. ஆனால் 2022 ஆகஸ்டில் ஐரோப்பா, ஜப்பான் உள்ளிட்ட சந்தைகளில் விலை உயர்த்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் விலை 50 டாலர்கள் உயர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 499 டாலர்களில் தொடங்கி, 2025 அக்டோபரில் 649 டாலர்களை எட்டியது.

பணவீக்கம், யென்னின் வீழ்ச்சி, அமெரிக்க இறக்குமதி வரி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் சில்லுத் தொழிற்சாலைகளுக்குள் இருக்கிறது. நவீனத் தொழில்நுட்பத்தில் தயாராகும் ஒவ்வொரு தகட்டின் விலையும் மிகவும் உயர்ந்துவிட்டதால், சில்லைச் சுருக்குவதால் முன்போல் பணம் மிச்சமாவதில்லை.

இதன் பாதிப்பு காத்திருந்து வாங்குபவர்களுக்கே. பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 15 கோடிக்கும் அதிகமாக விற்றதற்கு, 2009இல் 99 டாலர்கள் வரை இறங்கிய அதன் விலையும் ஒரு காரணம். வெளிவந்து ஐந்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே பிளேஸ்டேஷன் 3, 249 டாலர்களுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ அதே வயதில் பிளேஸ்டேஷன் 5இன் விலை 549 டாலர்கள்.

2025 நவம்பரில் ஜப்பானில் மட்டும் சோனி ஒரு மலிவான மாதிரியை 55,000 யென்னுக்கு வெளியிட்டது. அது வட்டு இயக்கி இல்லாதது, ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்குவது, ஜப்பானில் பதிவான கணக்குகளுக்கு மட்டுமே உரியது.